படங்கும் கூடையும்

பாடசாலையில் கணிதத்துக்கு ஒருபோதும் 90-க்குக் குறையாமல் வாங்கிய பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அதே கணிதத்தில் 22 வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வீடு திரும்பினால், அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். எங்கள் வட்டகொடையில் சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நேர்ந்த ஒரு வீட்டில் பேச்சே நடக்கவில்லை. பெண் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெட்டியைக் காம்பராவின் மூலையில் வைத்தவள், மறுநாள் விடியற்காலையில் தாயாருடன் தானும் கொழுந்து எடுக்க வருவதாகச் சொல்லிப் புறப்பட்டு நின்றாளாம். தாயார் திகைத்துப் போனார். அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, பிள்ளை படிப்பை நிறுத்திவிடும் போல இருக்கிறது. காரணம் கேட்டால் அழுகிறது. நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு உயர்தரம் வரையில் இணைந்த கணிதம் கற்பித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே எனக்கும் அதில் பங்குண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போவது இன்றும் எளிய காரியமன்று. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையை இழந்து நின்ற சமூகம் இது. தோட்டத்துப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970-களில்தான். கணித, விஞ்ஞானப் பிரிவுகளை உயர்தரம் வரை நடத்தும் பாடசாலையைத் தேடி எத்தனையோ பிள்ளைகள் பஸ் ஏறிப் போகிறார்கள். இத்தனையையும் கடந்து போன ஒருத்தி, ஒரே ஒரு பாடத்தின் வாசலில் தடுக்கி விழுந்து திரும்பி வருவதென்றால் மனம் பொறுக்குமா?

மறுநாள் அவள் வந்தாள். கையில் ஒரு கொப்பி. நடந்ததைச் சொல்லும்படி கேட்டேன்.

"சேர், இதில் கணக்கே இல்லை" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கியிருந்தது. பாடத்தின் பெயர் நுண் அட்சரகணிதம்; தமிழ்நாட்டார் இயற்கணிதம் என்பார்கள். நமக்குப் பழக்கமான அட்சரகணிதத்தில் ஓர் எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கும். சமன்பாட்டைத் தீர்த்தால் விடை கிடைக்கும். விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தப் புதிய பாடத்திலோ எழுத்து எதைக் குறிக்கிறது என்றே சொல்வதில்லை. ஒரு தொகுதி உண்டு, அதில் இரண்டு உறுப்புகளைச் சேர்த்து மூன்றாவதைப் பெறும் ஒரு செயல் உண்டு, அந்தச் செயல் நான்கு விதிகளுக்கு அடங்கும் என்று தொடங்குகிறது. பிறகு 'நிறுவுக', 'நிறுவுக' என்று கட்டளை வந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டே வளர்ந்த பிள்ளைக்கு இது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போன்றது. போதாததற்கு, உயர்தரம் வரையில் தமிழில் படித்ததை இங்கே ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். விரிவுரையாளரின் கரும்பலகையைப் பார்த்து எழுதியதெல்லாம் கொப்பியில் அழகாக இருந்தது. அவளுடைய கையெழுத்து எப்போதுமே அழகு. அதில் ஒரு வரியாவது அவளுக்குச் சொந்தமாகவில்லை.

நான் கொப்பியை மூடி வைத்தேன். "நேற்றுக் காலை அம்மாவுடன் புறப்பட்டாயாமே? அம்மா எதை முதலில் கட்டினார்?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "படங்கு, சேர். பிறகு கூடை."

"மாலையில் வந்து எதை முதலில் அவிழ்ப்பார்?"

"கூடையை இறக்கிவிட்டுப் பிறகு படங்கு."

"ஏன் படங்கை முதலில் அவிழ்க்கக் கூடாது?"

சிரித்துவிட்டாள். கூடை முதுகில் தொங்கும்போது படங்கை எப்படி அவிழ்ப்பது? அவளுடைய கொப்பியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு தேற்றம் இருந்தது: இரண்டு செயல்களை அடுத்தடுத்துச் செய்தால், அந்தக் கூட்டுச் செயலின் நேர்மாறு, தனித்தனி நேர்மாறுகளைத் தலைகீழ் வரிசையில் செய்வதாகும். பரீட்சைத் தாளில் அவள் விட்டுவந்த முதல் வினாவும் அதுதான். அவளுடைய பாட்டியும் முப்பாட்டியும் நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அந்தத் தேற்றத்தைச் செய்து காட்டி வந்திருக்கிறார்கள்.

அந்த நான்கு விதிகளை இங்கே சொல்லிவிடுகிறேன். தொகுதியின் இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் வருவதும் அதே தொகுதிக்குள் இருக்க வேண்டும். மூன்றைச் சேர்க்கும்போது முதலிரண்டை முன்னர்ச் சேர்த்தாலும், பின்னிரண்டை முன்னர்ச் சேர்த்தாலும் விடை ஒன்றாக வேண்டும். எதனுடன் சேர்ந்தாலும் அதை மாற்றாத ஓர் உறுப்பு வேண்டும். அதற்குச் சமனி என்று பெயர். ஒவ்வோர் உறுப்புக்கும், அதனுடன் சேர்ந்து சமனியைத் தரும் நேர்மாறு ஒன்று வேண்டும். இவ்வளவுதான். இந்த நான்குக்கும் அடங்கிய தொகுதியை ஆங்கிலத்தில் குரூப் என்பர். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் ஒன்று அதற்குக் குலம் என்று பெயர் வைத்தது. நல்ல சொல்தான், ஆயினும் அந்தச் சொல்லால் நம்மவர் பட்ட பாட்டை எண்ணும்போது சற்றுக் கூசுகிறது. ஒரு ஆறுதல்: கணிதத்தின் குலத்தில் பிறப்பைக் கேட்பதில்லை. நீ எதனால் ஆனவன் என்று எவரும் விசாரிப்பதில்லை. எண்ணாகவோ, சுழற்சியாகவோ, கிழமையாகவோ இருக்கலாம். விதிக்கு அடங்குகிறாயா என்பதே கேள்வி.

கிழமைகளை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு மலையில் கொழுந்து எடுத்தபின், ஏறக்குறைய ஏழு நாளில் மீண்டும் அதே மலைக்கு வருவது வழக்கம். செவ்வாய்க்கிழமை எடுத்த மலைக்குப் பத்து நாள் கழித்துப் போனால் அது என்ன கிழமை? வெள்ளி. பத்தில் ஏழு போக மூன்று. செவ்வாயிலிருந்து மூன்று நாள் வெள்ளி. இவ்வாறு ஏழைக் கழித்துக் கழித்து எண்ணினால் 0 முதல் 6 வரை ஏழே நகர்வுகள். மூன்று நாள் நகர்ந்தவன் மேலும் நான்கு நாள் நகர்ந்தால் தொடங்கிய கிழமைக்கு வந்துவிடுகிறான். ஆகவே மூன்றின் நேர்மாறு நான்கு. கணக்கப்பிள்ளை அறிந்த குலம் இது.

ஏழின் இடத்தில் பன்னிரண்டை வைத்தால் கடிகார முகம். இங்கே வேறு ஒரு விசித்திரம். மும்மூன்று மணியாகத் தாவினால் 3, 6, 9, 12 என்று நான்கே இடங்களில் சுற்றிச் சுற்றி வருவோம். மற்ற எட்டு இடங்களையும் மிதிப்பதில்லை. ஐந்தைந்தாகத் தாவினால் பன்னிரண்டு இடங்களையும் மிதித்தே திரும்புவோம். கிழமையிலோ எந்த நகர்வை எடுத்தாலும் ஏழு கிழமையும் வந்துவிடும். மூன்று மூன்றாகப் போய்ப் பாருங்கள்: 3, 6, 2, 5, 1, 4, 0. ஒன்றும் தப்பவில்லை. ஏன்? ஏழு ஒரு முதன்மை எண், பன்னிரண்டு அப்படியன்று. அந்த 'ஏன்' என்பதில்தான் பாடம் தொடங்குகிறது என்று அவளிடம் சொன்னேன். கணக்கே இல்லை என்றாளே, இதோ கணக்கு.

மாணவர்கள் பெரும்பாலும் கவிழும் இடம் ஒன்றுண்டு. அவளும் அங்கேதான் கவிழ்ந்தாள். நானும் என் காலத்தில் அங்கே கவிழ்ந்தவன்தான். சர்வகலாசாலை என்று நாங்கள் சொல்லிவந்த காலம் அது. குலத்துக்குள்ளே இருக்கும் சிறிய குலத்தை உட்குலம் என்பர். அந்த உட்குலத்தை அப்படியே தூக்கி நகர்த்தினால் வரும் தொகுதிக்குக் கோசெட் என்று பெயர். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நான் அவளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். எதிரே மூன்று லயங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு காம்பராக்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கடிகாரத்தில் 12, 3, 6, 9 என்பது முதல் லயம். அதை ஒரு மணி நகர்த்தினால் 1, 4, 7, 10. இது இரண்டாம் லயம். இன்னும் ஒரு மணி நகர்த்தினால் 2, 5, 8, 11. இது மூன்றாம் லயம். மேலும் நகர்த்தினால் முதல் லயமே திரும்பி வருகிறது. எந்த லயத்திலும் காம்பராவின் எண்ணிக்கை ஒன்றே. எந்தக் காம்பராவும் இரண்டு லயத்தைச் சேராது. லயத்துக்கு வெளியே காம்பரா இல்லை. அப்படியானால் மொத்தக் காம்பராக்களை ஒரு லயத்துக் காம்பராக்களால் மீதியின்றி வகுக்க முடியுமல்லவா? 12-ஐ 4 வகுக்கும். 12 உறுப்பினர் கொண்ட குலத்துக்குள் 5 பேர் கொண்ட உட்குலம் ஒருநாளும் இருக்க முடியாது. லாகிராஞ்சின் தேற்றம் என்று பெரிய பெயர் கொண்டது இதுதான். 7 பேர் கொண்ட குலத்துக்குள் சமனி ஒன்றையும் குலம் முழுவதையும் தவிர வேறு உட்குலமே கிடையாது. ஏனெனில் 7-ஐ வகுக்கும் எண்கள் 1-உம் 7-உமே. கிழமையில் எந்த நகர்வும் ஏழு நாளையும் சுற்றி வந்ததன் இரகசியம் வெளிப்பட்டுவிட்டது.

இன்னும் ஒரு படி. இரண்டாம் லயத்திலிருந்து ஓர் எண், மூன்றாம் லயத்திலிருந்து ஓர் எண், கூட்டிப் பார். ஒன்றும் இரண்டும் மூன்று. ஏழும் எட்டும் பதினைந்து, அதாவது மூன்று. ஒன்றும் ஐந்தும் ஆறு. எந்தக் காம்பராவிலிருந்து எடுத்தாலும் விடை முதல் லயத்துக்கே போகிறது. ஆகவே காம்பராவை மறந்துவிட்டு லயத்தையும் லயத்தையுமே கூட்டலாம். மூன்று லயங்களும் சேர்ந்து மூன்று உறுப்புள்ள புதிய குலமாகிவிட்டன. 'எவரைத் தேர்ந்தாலும் விடை மாறாது' என்று காட்டவேண்டும் என்பதே விரிவுரையாளர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது. அவர் சொன்னது சரி. சொன்ன வேகம்தான் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை.

எல்லாக் குலத்திலும் இது இவ்வளவு சுகமாக நடக்காது. வரிசை மாறினால் விடை மாறும் குலங்களும் உண்டு. சதுரமான தகரப் பெட்டி மூடி ஒன்றை எடுத்து, மூலைகளில் இடது மேலிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று இரு புறமும் ஒரே மூலையில் ஒரே எண் வரும்படி எழுதச் சொன்னேன். மூடியைக் கால் சுற்று வலமாகத் திருப்பி, பிறகு இடம் வலமாகக் கவிழ்த்தால் 1 பழையபடி இடது மேல் மூலைக்கே வந்துவிடுகிறது. கவிழ்த்துவிட்டுப் பிறகு திருப்பினால் அந்த மூலையில் 3 நிற்கிறது. சதுரத்தைத் தன் இடத்திலேயே பொருத்தும் வழிகள் மொத்தம் எட்டு: திருப்பாமல் விடுவது உட்பட நான்கு சுழற்சிகள், நான்கு கவிழ்ப்புகள். வாசற்கோலத்தின் அழகும் இந்த எட்டில்தான் அடங்கியிருக்கிறது. இத்தகைய குலத்தில் எந்த உட்குலத்தை எடுத்தாலும் லயங்களைக் கூட்டிவிடலாம் என்று எண்ணினால் ஏமாறுவோம். எது இடம் கொடுக்கும், எது கொடுக்காது என்பதை அவளே மூடியைத் திருப்பிக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் அந்த மூடியோடு உட்கார்ந்திருந்தாள்.

இந்த விதிகளை எவரும் வேலையற்று உட்கார்ந்து கற்பனை செய்துவிடவில்லை. அவை ஒரு பழைய தோல்வியின் பிள்ளைகள். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சூத்திரம் உண்டு. சாதாரண தரத்துப் பிள்ளையும் அறியும். மும்மடிக்கும் நான்மடிக்கும் இத்தாலியர் சூத்திரம் கண்டனர். கார்டானோ 1545-இல் அவற்றை அச்சிட்டார். ஐந்துமடிக்கு? முந்நூறாண்டு வரை தேடியும் கிடைக்கவில்லை. 1824-இல் நோர்வே நாட்டு இளைஞர் ஏபெல், அத்தகைய பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று நிறுவினார். வறுமையிலும் க்ஷயரோகத்திலும் 1829 ஏப்ரல் 6-ஆம் திகதி தமது 26-ஆவது வயதில் காலமானார். பெர்லினில் அவருக்கு உத்தியோகம் கிடைத்த செய்தியைத் தாங்கிய கடிதம் அவர் இறந்து இரண்டு நாளின் பின் எழுதப்பட்டது. வரிசை மாறினாலும் விடை மாறாத குலத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

பிரெஞ்சு இளைஞர் கால்வாவின் கதையை அந்தப் பெண்ணிடம் வேண்டுமென்றே விரிவாகச் சொன்னேன். பாரிசின் பெயர்பெற்ற பொறியியல் கலாசாலையின் நுழைவுப் பரீட்சையில் அவர் இரண்டு முறை தவறினார். விஞ்ஞானக் கழகத்துக்கு அவர் அனுப்பிய கட்டுரை ஒன்று, அதை வீட்டுக்கு எடுத்துச் சென்ற அறிஞர் இறந்துபோனதால் தொலைந்தது. மறுபடி எழுதி அனுப்பியதை, விளங்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1832 மே மாதத்தில் ஒரு துவந்த யுத்தத்தில் சுடப்பட்டு, 20 வயதில் மாண்டார். யுத்தத்துக்கு முந்திய இரவு நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தமது கருத்துக்களைத் தொகுத்து வைத்தார். அவை அச்சேறியது 1846-இல். சமன்பாட்டின் மூலங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றும் வழிகள் ஒரு குலமாக அமைகின்றன. அந்தக் குலத்தின் உள்ளமைப்பே சூத்திரம் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. ஐந்து மூலங்களை இடம் மாற்றும் வழிகள் 120. அந்த 120-க்குள் இருக்கும் 60 பேர் கொண்ட உட்குலம் மேலும் உடைய மறுக்கிறது. சூத்திரம் அங்கேதான் முட்டி நிற்கிறது.

இதையெல்லாம் இன்று மாணவர் படிக்கும் வடிவில் அமைத்தவர்களுள் தலையாயவர் ஒரு பெண்மணி; எம்மி நோதர். 1915-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அவரை ஹில்பர்ட் முதலியோர் அழைத்தனர். பெண் என்பதால் தம் பெயரில் விரிவுரை நிகழ்த்த அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்துத் தாம் கற்பித்தார். 1919-இல்தான் உரிமை வந்தது. 1933-இல் யூதர் என்பதால் வேலை பறிபோயிற்று. அமெரிக்காவுக்குச் சென்று 1935-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய விரிவுரைகளையும் ஆர்ட்டினுடைய விரிவுரைகளையும் கேட்ட வான் டெர் வார்டன் 1930, 1931-ஆம் ஆண்டுகளில் எழுதிய நூலே உலகெங்கும் இப்பாடத்துக்கு முன்மாதிரி ஆயிற்று.

நம்மவர்க்கு இது எப்போது வந்தது என்று கேட்கலாம். சென்னை லொயோலா கல்லூரியில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதம் கற்பித்தார். 1937-இல் இந்தியாவுக்கு வந்தவர். அக்காலத்துப் பாடத்திட்டம் இங்கிலாந்தின் பழைய பரீட்சை முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளை விரைவாகப் போடுவதே கெட்டிக்காரத்தனம். பாதிரியாரோ தம் நாட்டில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த புதிய கணிதத்தை மாணவர்க்குக் காட்டினார். மெருகேறிய பேச்சாளர் என்று அவரை எவரும் சொல்வதில்லை. ஆயினும் அவரிடம் படித்தவர்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் வட ஆர்க்காட்டில் தண்டரை என்னும் கிராமத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மன், மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி. இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். 1953-இல் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தவர்கள். 1965-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் உலகக் கணிதத்தில் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வளைந்த பரப்பின் மேல் அமையும் சில வடிவங்களை, அந்தப் பரப்பின் குலம் ஒன்றைக் கொண்டு முழுமையாக அறியலாம் என்பது அதன் சாரம். சேஷாத்திரி கர்நாடக இசை பாடத் தெரிந்தவர்; 1989-இல் சென்னையில் ஒரு கணித நிலையத்தையும் தொடங்கினார். அவர் 2020-இலும் நரசிம்மன் 2021-இலும் காலமாயினர்.

"அவர்கள் வேறு, நான் வேறு, சேர்" என்றாள் அவள். தண்டரை என்னும் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். வட்டகொடை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று சொல்லி, பாடத்துக்குத் திரும்பினோம்.

அடுத்த சில நாள்கள் நாங்கள் செய்தது பெரிய காரியமன்று. அவள் கொப்பியிலிருந்த ஒவ்வொரு வரைவிலக்கணத்தின் எதிரிலும் இரண்டு உதாரணம் எழுதச் சொன்னேன். அடங்கும் உதாரணம் ஒன்று, அடங்காத உதாரணம் ஒன்று. அடங்காதது எந்த விதியில் தவறுகிறது என்று பெயர் சொல்ல வேண்டும். 1, 2, 3 என்னும் எண்ணும் எண்களைக் கூட்டலில் குலமாக்க முடியாது: சமனியும் இல்லை, நேர்மாறும் இல்லை. முழு எண்களைக் கழித்தலில் குலமாக்க முடியாது: 5-இல் 3 போய் அதில் 1 போனால் 1; 3-இல் 1 போனதை 5-இல் கழித்தால் 3. நான்கு உறுப்புள்ள குலத்தின் அட்டவணையை நிரப்பச் சொன்னேன். எப்படி நிரப்பினாலும் இரண்டே வகைதான் வரும் என்று மறுநாள் தானே வந்து சொன்னாள். முகத்தில் பழைய ஒளி தெரிந்தது.

நிறுவலைப் பற்றிய பயமும் இருந்தது. குலத்தில் சமனி ஒன்றே என்று நிறுவுக என்றால் எங்கிருந்து தொடங்குவது? இரண்டு சமனிகள் இருப்பதாகவே வைத்துக்கொள் என்றேன். அ என்றும் ஆ என்றும் பெயரிடு. இரண்டையும் சேர். அ சமனியாதலால் விடை ஆ. ஆ சமனியாதலால் விடை அ. ஒரே செயலுக்கு இரண்டு விடை இராது. ஆகவே இரண்டும் ஒன்றே. "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். அவள் மனப்பாடம் செய்த பக்கங்கள் பலவும் இந்த அளவு சிறியவைதான். மனப்பாடம் செய்ததால்தான் பெரியவையாகத் தோன்றின.

மேலே வளையம், புலம் என்னும் பகுதிகளையும் சற்றே தொட்டோம். கூட்டலோடு பெருக்கலும் சேர்ந்தால் வளையம். கடிகாரத்தில் மூன்றும் நான்கும் பெருகினால் பன்னிரண்டு. அங்கே பன்னிரண்டு என்பது பூச்சியம். பூச்சியமல்லாத இரண்டு பெருகிப் பூச்சியம் ஆவதைக் கண்டு அவள் அதிர்ந்து போனாள். ஏழுநாட் கணக்கில் அந்த விபரீதம் நேராது. இரண்டும் நான்கும் பெருகினால் எட்டு, அதாவது ஒன்று. மூன்றும் ஐந்தும் பெருகினால் பதினைந்து, அதுவும் ஒன்று. பூச்சியம் தவிர ஒவ்வொன்றாலும் வகுக்கலாம். இப்படி வகுக்க இடம் தருவதை ஆங்கிலத்தில் ஃபீல்ட் என்பர். தமிழில் புலம் என்றோ களம் என்றோ எழுதுகிறோம். எங்கள் ஊருக்கு வேறு மொழிபெயர்ப்பு உண்டு. தோட்டத்துப் பதிவேட்டில் ஃபீல்ட் என்று எழுதியிருப்பதை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். ஏழு உறுப்புள்ள மலை என்று நான் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இது எதற்குப் பயன் என்று தாயார் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். என் மேசைமேல் கிடந்த பழைய புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையிலுள்ள பத்து இலக்க எண்ணைக் காட்டினேன். முதல் இலக்கத்தைப் பத்தாலும், அடுத்ததை ஒன்பதாலும், இப்படியே கடைசி இலக்கத்தை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டினால் விடை 11-ஆல் வகுபடும். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், இரண்டை இடம் மாற்றி எழுதினாலும் வகுபடாது. தவறு உடனே தெரிந்துவிடும். 11 முதன்மை எண்ணாதலால், பூச்சியமல்லாத இரண்டு பெருகிப் பூச்சியமாகி நம்மை ஏய்க்க வழியில்லை. 2007-இல் இந்த எண் பதின்மூன்று இலக்கமாயிற்று. கணக்கும் 10-ஐ வைத்து நடக்கிறது. 10-இல் இரண்டும் ஐந்தும் பெருகினால் பூச்சியம். ஆகவே பக்கத்திலுள்ள 1-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றி எழுதினால் புதிய எண் அந்தத் தவறைக் கண்டுபிடிப்பதில்லை. புதியது எல்லாம் மேலானது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம். கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் செய்தியைப் பிறர் படிக்காமல் காப்பதும் இத்தகைய எண்களின் குலங்களே. அந்த முறைகள் 1976-க்கும் 1977-க்கும் இடையில் வெளிவந்தன.

விடுமுறை முடிந்தது. அவளை வழியனுப்ப நானும் வட்டகொடைப் புகையிரத நிலையத்துக்குப் போனேன். தாயார் அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தார். வண்டி தலவாக்கலைப் பக்கம் புறப்படுமுன் ஒரு வினாவைக் காகிதத்தில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். ஒரு குலத்தில் ஒவ்வோர் உறுப்பும் தனக்குத்தானே நேர்மாறு. அந்தக் குலத்தில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்று நிறுவுக.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்தாள்.

"அ, ஆ என்பன இரண்டு உறுப்புகள் ஆகுக. அஆ என்பதும் ஓர் உறுப்பே. ஆகவே அதுவும் தனக்குத்தானே நேர்மாறு. ஆனால் படங்கும் கூடையும் போல, அஆ என்பதன் நேர்மாறு, ஆ-வின் நேர்மாற்றை முன்னும் அ-வின் நேர்மாற்றைப் பின்னும் சேர்த்தது, அதாவது ஆஅ. ஆகவே அஆ = ஆஅ."

அதன் கீழே இன்னொரு வரி: "சேர், ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறை சேர்த்தால் சமனி வரும் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் வரிசை மாறினால் விடை மாறாதா?"

நான் கொடுத்த வினாவைவிட இது கடினமானது. எனக்கு இரண்டு இரவு பிடித்தது. மாறும், 27 உறுப்புள்ள ஒரு குலத்தில் மாறுகிறது என்று அந்தக் குலத்தையும் அமைத்துக் காட்டி எழுதித் தபாலிற் சேர்த்தேன். தபால் போய்ச் சேருமுன் அவளே அதைக் கண்டுபிடித்து எழுதிய அடுத்த கடிதம் என் வீட்டுக்கு வந்துவிட்டது.